குருவம்மா அக்காவின் ஆட்சேபணை

"டோன்ட் கோ இன்!" என்று கூட வேலை பார்க்கும் மொரீன் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த விரிப்புகள் சரிந்து விழுந்தன. மடித்த விரிப்புகளைக் கொண்டுபோய் வைப்பதற்காக, துணித் தள்ளுவண்டிகள் நிற்கும் அறையின் கதவை நான் தோளால் தள்ளிக்கொண்டிருந்த நேரம். உள்ளே நீராவிக் குழாய் வெடித்துவிட்டதோ, கரண்டு கசிகிறதோ என்று பயந்து இரண்டடி பின்னால் வந்து அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. தலையணை உறை ஒன்றை மடித்துக்கொண்டே சுவரைப் பார்த்து, "சில்லி கேர்ள்" என்று முணுமுணுத்தாள். என்னைத்தான் வைகிறாள் என்று எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியிலேயே நின்றேன். மேற்பார்வையாளர் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டபோது மொரீனைக் கைகாட்டினேன். அவர் அவள் தோளைத் தட்டினார். அவள் காதிலிருந்து ஒரு வயரை உருவினாள். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இடுப்பில் செருகியிருந்த வாக்மேனில் ஒரு கொலைக் கதை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கதையில் ஒரு பெண், பிணம் கிடக்கும் அறைக்குள் தெரியாமல் போகப் பார்த்திருக்கிறாள். மொரீன் அவளைத்தான் தடுத்திருக்கிறாள்.

இது நடந்தது இங்கிலாந்தின் வடக்கே டார்லிங்டன் என்ற ஊரில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். என் வீட்டுக்காரர் கணேசன் கோவில்பட்டியில் புரோட்டா மாஸ்டராக இருந்தவர். இங்கே ஒரு தென்னிந்தியச் சாப்பாட்டுக்கடையில் சமையல் வேலை கிடைத்து முதலில் அவர் வந்தார். எட்டு மாதம் கழித்து நான் வந்து, ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துத் தரும் ஒரு சலவைக்கூடத்தில் மடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மடிக்கும் அறையில் இருபது பேருக்கு மேல் இருப்போம். எல்லோர் காதிலும் வயர். ஒருத்தி திடீரென்று சிரிப்பாள், பக்கத்தில் நிற்பவள் ஏன் என்று கேட்கமாட்டாள். இன்னொருத்தி கண்ணைத் துடைப்பாள், அதற்கும் கேள்வி கிடையாது. எங்கள் ஊரில் ஒருத்தி இப்படித் தனியாகச் சிரித்திருந்தால் அன்று சாயங்காலமே பேயோட்டக் கோடாங்கிக்காரனைக் கூட்டிவந்திருப்பார்கள்.

ஒரு கதையை ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்கலாம் என்பதே எனக்குப் புதிது. நானும் நான்கு வருடம் பேசும் புத்தகமாக இருந்தவள்தான். தொண்ணூறுகளின் நடுவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக அடுக்கி இறுக்கிக் கொடுத்தால் அது மருந்தில் முக்கப் போகும். கட்டை அடுக்குவது என்று அதற்குப் பெயர். பழகிய கைக்கு இந்த வேலையில் கண் தேவைப்படாது, காது சுத்தமாகத் தேவைப்படாது. ஒரு மத்தியானம் சோற்று இடைவேளையில் நான் மூலையில் உட்கார்ந்து ஒரு மாத நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். பேருந்து நிலையக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அட்டையில் துப்பாக்கியும் ரத்தமுமாக, அந்த மாதிரிப் புத்தகம். குருவம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி செம்பகம், நீ மட்டும் தனியா முழுங்குதியே, வாய்விட்டுப் படிச்சா என்ன, பல்லு சுளுக்கிருமோ?" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது. குருவம்மா அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். ஆடு மேய்க்கிற குடும்பம். சின்ன வயதில் ஆட்டுக்குப் பின்னால் போனதால் பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர். நான் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து படிப்பேன், என் பங்குக் கட்டைகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அடுக்கிவிடுவார்கள். கணக்கப்பிள்ளை முதலில் சத்தம் போட்டார். பிறகு கதவுக்குப் பின்னால் நின்று அவரும் கேட்க ஆரம்பித்தார். தொண்ணூறு பக்க நாவல் முடிய ஒன்பது நாளாகும். காரணம் குருவம்மா அக்கா. அரைப் பக்கத்துக்கு ஒரு தரம் "நில்லுட்டி" என்பார். "ஆளில்லாத வீடுன்னா வாசல்ல செருப்பு எப்படி கெடக்கும்?" என்பார். அதை ஒருத்தி மறுப்பாள், இன்னொருத்தி ஆமோதிப்பாள். கதை அங்கேயே நிற்கும். எனக்கு எரிச்சலாக வரும். என்னைப் படிக்க விடுங்களேன் என்று கத்தியிருக்கிறேன்.

மொரீன் அந்தக் கதையை முடித்ததும், நூலகத்தில் திருப்பிக் கொடுக்கும் முன் என் பெயருக்கு மாற்றி, தன் பழைய வாக்மேனோடு சேர்த்துத் தந்தாள். தடித்த புத்தகம் போல ஒரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே பத்து கேசட்டுகள். இதைக் கேட்டால் உன் இங்கிலீஷ் சரியாகிவிடும், பெட் என்றாள். இந்த ஊரில் எல்லோரையும் பெட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வளர்ப்புப் பிராணிக்கு இங்கிலீஷில் அதுதான் பெயர் என்று பள்ளியில் படித்திருந்ததால் முதல் மாதம் முழுக்க மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன்.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. கதையைப் படித்தவர் வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டு பேசுகிற ஒரு பெரிய மனிதர். பெண் பேசும்போது குரலை மெலித்துக்கொள்வார், கிழவன் பேசும்போது தொண்டையைச் செருமுவார், யார் பேசுகிறார்கள் என்று எனக்குப் பிடிபடுவதற்குள் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். நில்லுங்கள் என்று சொன்னால் நிற்கமாட்டார். ஈரக் கையால் பொத்தானை அழுத்திப் பின்னால் ஓட்டினால் வேறெங்கோ போய் நிற்கும். மழை பெய்கிறது என்ற ஒரே வரியை நான் பதினோரு தரம் கேட்டிருப்பேன். கணேசனிடம் சொன்னால், இரவெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிற மனிதர் போர்வைக்குள்ளிருந்தே, "கதைதான, எவன் எவனக் கொன்னா நமக்கென்ன" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பேசுவேன். சுரண்டி எண்ணை அழுத்தும் போன் கார்டு, அரை மணி நேரம் வரும். இங்கே காலை பதினொன்று, அங்கே மாலை நான்கரை. எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சிதான் போனை எடுப்பார், குருவம்மா அக்காவைக் கூப்பிட்டு விடுவார். ஆரம்பத்தில் மழை உண்டா, உளுந்து விதைச்சாச்சா, நீ என்ன சமைச்ச என்று ஐந்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். மீதி நேரம் இரண்டு பேரும் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருநாள் வேறு வழியில்லாமல் முதல் கேசட்டின் கதையைச் சொன்னேன். கடலோரத்தில் ஒரு பெரிய வீடு. அதில் ஒரு பணக்காரக் கிழவர், கூட அண்ணன் மகள், வீட்டுவேலை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் மிசஸ் டாட் என்கிற வேலைக்காரி. கிழவர் செடி வளர்க்கும் கண்ணாடி அறையில் ஒரு காலையில் செத்துக் கிடக்கிறார். திரைச்சீலைக் கயிற்றால் யாரோ கழுத்தை இறுக்கியிருக்கிறார்கள்.

"நில்லுட்டி," என்றார் குருவம்மா அக்கா. அந்த ஒரு சொல்லை நான் கேட்டு எத்தனை வருடம்! "கண்ணாடி அறைன்னு சொல்லுத. வெளிய நிக்கவனுக்கு உள்ள தெரியுமா, தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறு ஞாயிறு, ராத்திரி நடந்ததால் தெரியாது என்று கண்டுபிடித்துச் சொன்னேன். அதற்குள் திங்கட்கிழமை ஆபீசில் அவர் கதையைச் சொல்லி முடித்திருந்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அண்ணாச்சி கடை வாசலில் ஐந்தாறு பேர் சேர்ந்து நிற்பது போனிலேயே கேட்டது. பந்தயமும் கட்டிவிட்டார்கள். கொலைகாரன் யாரென்று தப்பாகச் சொன்னவர்கள், சரியாகச் சொன்னவர்களுக்குக் கடம்பூர் போளி வாங்கித் தர வேண்டும். அண்ணன் மகள்தான் என்று குருவம்மா அக்கா கட்டியிருந்தார். "ஆனா பாத்துக்கிட்டே இரு, கடைசில வேலைக்காரி தலையிலதான் கட்டுவானுவ" என்றும் சொல்லிவைத்தார். மிசஸ் டாட் மேல் அவருக்கு ஒரு பிரியம் விழுந்திருந்தது. கொலைக்கு இரண்டு நாள் முன்பு அந்த அம்மாள் வலது கையில் கொதிக்கும் சூப் கொட்டி, டாக்டர் வந்து கட்டுப் போட்டுவிட்டு மறுநாள் லண்டன் போய்விட்டார் என்று மூன்றாவது கேசட்டில் வந்ததை நான் சொன்னபோது, "அந்தக் கையோடயா அம்புட்டு பேருக்கும் ஆக்கிப் போடுதா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

கதையில் ஹாலிஸ் என்று ஒருவர் வருவார், விகர் என்று இன்னொருவர் வருவார். விகர் கிழவரோடு தேநீர் குடிப்பார். ஹாலிஸ் அண்ணன் மகளுக்குப் புத்திமதி சொல்வார். விகர் துக்கவீட்டுக்கு வருவார். ஹாலிஸ் தன் குடையை அங்கே மறந்துவிட்டுப் போவார். விகர் ஏன் ஹாலிசின் குடையை எடுத்துப்போக வந்தார் என்று எனக்குப் புரியவேயில்லை. ஆறு கேசட்டுகளை இந்தக் குழப்பத்தோடு சொல்லிவந்தேன். ஆபீசில் பாதிப் பேர் விகர் மேல் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆறாவது வாரம் குருவம்மா அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏட்டி, ஒண்ணு கேக்கேன், யோசிச்சுச் சொல்லு. இந்த ஹாலிசும் விகரும் ஒருநாளாச்சும் ஒரே எடத்துல சேந்து நின்னுருக்காவளா?" என்றார்.

யோசித்தேன். இல்லை.

"அப்ப ரெண்டும் ஒரே ஆளு. வேசம் போடுதான்!"

பின்னாலிருந்து ஆறு பெண்கள் ஓவென்று கூச்சலிட்டார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. மறுநாள் மொரீனிடம் ஓடிப்போய், விகரும் ஹாலிசும் ஒரே ஆளா என்று கேட்டேன். ஆமாம், பெட், வேறெப்படி என்றாள். விகர் என்றால் ஆளின் பேரில்லையாம், இங்கே கோவில்பூசாரி மாதிரி மாதாகோவிலைப் பார்த்துக்கொள்ளும் சாமியாராம். ஹாலிஸ்தான் அந்த ஊர் விகர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. மாதாகோவிலையும் மணிச்சத்தத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சொல் தெரியாமல் ஒரு மனிதனை இரண்டாக வெட்டி ஆறு வாரம் நடக்கவிட்டிருக்கிறேன். எழுத்தே தெரியாத ஒருவர் ஏழு கடலுக்கு அப்பாலிருந்து அவனை ஒட்டவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொன்னேன். "சாமியாரா? மொதல்லயே சொல்லப்பிடாதா? சாமியாருன்னா எல்லா வீட்டுக்கும்தான் போவாவ" என்று குருவம்மா அக்கா அலுத்துக்கொண்டார். ஆனால் ஆளைக் கண்டுபிடித்தது தான்தான் என்ற பெருமை குரலில் இருந்தது.

ஒன்பது கேசட்டுகள் முடிந்தன. பத்தாவதைப் போட்டு, துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச்சொல்கிற இடத்தில், அந்தப் பெரிய மனிதரின் குரல் இழுபட்டு, மாடு கத்துவதுபோல் ஆகி, நின்றுவிட்டது. வாக்மேனைத் திறந்தால் நாடா உருளைக்குள் சிக்கி இடியாப்பம் போல் சுருண்டிருந்தது. பென்சிலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன், அறுந்தே போயிற்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாக்மேனைச் சுவரில் எறிந்திருப்பேன், அது மொரீனுடையது.

மொரீனுக்கு முடிவு தெரியுமே, கேட்டுவிட வேண்டியதுதான் என்று தைரியமாகத்தான் போனேன். அவள் தலையை ஆட்டி, "ஐ வோன்ட் ஸ்பாயில் இட், பெட்" என்றாள். கேசட்டைக் கெடுத்தது தான் இல்லை என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். "நோ, நோ, நாட் யூ. மீ ஸ்பாயில்" என்றேன். அவள் அன்பாகச் சிரித்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். முடிவை முன்கூட்டிச் சொல்வது இங்கே பெரிய துரோகமாம். ஒருவருடைய வீட்டுக்குள் செருப்போடு நடக்கத் தயங்காத ஜனங்கள், ஒரு கதையின் கடைசிப் பக்கத்துக்கு இவ்வளவு மடி பார்க்கிறார்கள்! நூலகத்துப் பெண் பத்தாவது கேசட்டை மட்டும் வெளியூரிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் மூன்று நான்கு வாரமாகும் என்றாள்.

எனக்கு இருந்தது ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை போனைப் போட்டபோது அண்ணாச்சியே உற்சாகமாக, "வாசல் நெறய நிக்காவ தாயி, எனக்கும் சேத்துச் சொல்லு" என்றார். கேசட் அறுந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆபீஸ் பெண்கள் அத்தனை பேரும் விடுமுறை நாளில் வெயிலில் வந்து நிற்கிறார்கள். இரண்டு மாதமாக அந்தத் தெருவில் என் பெயர் அடிபடுவது இந்தக் கதையால்தான். வாயிலிருந்து வேறு வந்தது.

"டாக்டர்தான் அக்கா கொன்னது."

 குருவம்மா அக்கா மெதுவாக, "எந்த டாக்டரு?" என்றார்.

"ஒரு டாக்டருதான இருக்காரு. சொத்துக்காக..."

"அவரு வேலைக்காரிக்குக் கட்டுப் போட்டுட்டு மறுநாளே லண்டனுக்கு ரயிலேறிட்டாருன்னு நீதான சொன்ன."

"திரும்பி வந்துட்டாரு அக்கா."

"எப்ப வந்தாரு? யாரு பாத்தா?"

 வாசலில் சத்தம் அடங்கிவிட்டது. "செம்பகம், நெசமாவே கேட்டு முடிச்சியா?" என்றார். முடித்தேன் என்றேன். "பொய் சொல்லுத. தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான? இவளுவ கைநாட்டு, எதச் சொன்னாலும் வாயப் பொளந்துக்கிட்டுக் கேப்பாளுவன்னு அங்கன போனதும் தோணிருச்சு, இல்ல?" போன் வைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு அண்ணாச்சி, "கூப்புட்டு விட்டேன் தாயி, சோலி கெடக்குன்னு சொல்லிட்டா" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில்.

அதற்கு மறுநாள் திங்கட்கிழமை மடிக்கும் மேசையில் நிற்கிறேன், அழுகை வந்துவிட்டது. எதிரே மொரீன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது என்று ஆங்காரமாக இருந்தது. "டெல் மீ! ஹூ கில்டு ஹிம்? ஐ மஸ்ட் நோ. மை பீப்பிள் இன் இந்தியா, ஆல் வெயிட்டிங், ஆல் ஆங்ரி" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். மொரீனின் முகம் வெளுத்துவிட்டது. என்னைக் கட்டிக்கொண்டாள். யாரோ தேநீர் கொண்டுவந்தார்கள். மேற்பார்வையாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாள் வீட்டில் இரு, சம்பளம் பிடிக்கமாட்டோம் என்றார். என்ன நல்ல மனசு, ஒரு கதைக்காக இவ்வளவா என்று குழம்பியபடி வீட்டுக்கு வந்தேன். வியாழக்கிழமை திரும்பிப் போனால் என் இடத்தில் ஒரு கவர். வெள்ளைப்பூ போட்ட அட்டை. உள்ளே மடிக்கும் அறையில் இருந்த எல்லோருடைய கையெழுத்தும், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்ற வரியும். என் குடும்பத்தில் யாரையோ கொன்றுவிட்டார்கள் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

அது தப்பென்று சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்க்கே இந்தப் பாடு. மத்தியானம் கேசட் பெட்டியைக் கொண்டுபோய் மொரீன் முன்னால் வைத்து, அட்டையில் போட்டிருந்த கிழவர் படத்தைத் தொட்டு, "ஹிம். ஒன்லி ஹிம்" என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. அப்போதும் முடிவைச் சொல்லவில்லை. கேசட் வந்துவிடும், நீயே கேட்டால்தான் நன்றாயிருக்கும், சொன்னால் பின்னால் என்னைத் திட்டுவாய் என்றாள். அவளுடைய நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

பத்தாவது கேசட் வந்தது. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். கொன்றது மிசஸ் டாட். வேலைக்காரி. குருவம்மா அக்கா இரண்டு மாதத்துக்கு முன்பே அலுப்போடு சொன்ன அதே முடிவு. இதை எப்படிப் போய்ச் சொல்வேன்? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியிடம், "செம்பகம் பொய் சொன்னத ஒத்துக்கிடுதான்னு சொல்லுங்க. நெசக் கேசட்டு வந்துருச்சுன்னு சொல்லுங்க" என்றேன். "இதயெல்லாம் நான் போயிச் சொல்லணுமா?" என்று முனகினாலும், ஆளனுப்பாமல் அவரே போனார். கார்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் கேட்டது.

"சொல்லு," என்றார் குருவம்மா அக்கா.

"மன்னிச்சிருங்க அக்கா. அன்னைக்கு..."

"அத விடு. யாரு?"

"வேலைக்காரி அக்கா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். "ம். எப்படிக் கொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"திரைச்சீலைக் கயித்தக் கழுத்துல போட்டு இறுக்கிட்டா."

"எந்தக் கையால?"

"ரெண்டு கையாலயும்."

"வலது கை வெந்துல்லா கெடந்துச்சு? கொதிக்கிற சூப்பு கொட்டி மூணாம் நாளு. டாக்டரே பாத்துக் கட்டுப் போட்ட புண்ணு, பொய்ப் புண்ணும் இல்ல."

 நான் ஆபீசை விட்டு வருவதற்கு முந்தைய வருடம், மருந்து முக்கிய கட்டை ஒன்று உரசித் தீப்பிடித்துக் குருவம்மா அக்காவின் வலது கை வெந்துபோனது. ரவிக்கையைக்கூட அவரால் மாட்ட முடியாது. மத்தியானச் சோற்றைப் பிசைந்து உருட்டி நான்தான் பல நாள் ஊட்டிவிட்டேன். ஒரு குச்சியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பழகியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பத்து கேசட்டையும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்ட எனக்கு அந்தக் கை ஞாபகத்துக்கு வரவில்லை.

"கதைல அப்படித்தான் அக்கா வருது."

"அப்ப எழுதுனவன் பொய் சொல்லுதான். நீ சொன்ன பொய்க்கு ஒன்ன வஞ்சேன். அவன யாரு வைவா?"

"அக்கா..."

"போளி கீளி ஒருத்திக்கும் கெடையாது. நாங்க இந்தத் தீர்ப்ப ஒத்துக்கிட மாட்டோம். போயி அவன்கிட்டக் கேளு, எந்தக் கையாலன்னு. கேட்டுட்டு வந்து சொல்லு."

கார்டு தீர்ந்துவிட்டது.

நான் மூன்றாவது கேசட்டை மறுபடி கேட்டேன். டாக்டர் கட்டுப் போடும் முன் புண்ணைப் பார்க்கிறார், தோல் உரிந்திருக்கிறது என்கிறார். பத்தாவதை மூன்று தரம் கேட்டேன். கையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுதியவர் மறந்தேபோயிருக்கிறார். வாரம் முழுக்க வாக்கியங்களைத் தயார்செய்துகொண்டு, வெள்ளிக்கிழமை தேநீர் வேளையில் மொரீனிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். இந்த முறை தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. முழுதும் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "நீ சொல்வது சரிதான்" என்றாள். சண்டை தொடங்கப்போகிறது, மற்றவர்களும் வந்து சேர்வார்கள், ஒருத்தி வேலைக்காரி பக்கம் பேசுவாள் என்று நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். அவள் என் கையைத் தட்டி, "இட்ஸ் ஒன்லி எ ஸ்டோரி, பெட்" என்று சொல்லிவிட்டு வயரைக் காதில் செருகிக்கொண்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தது அடுத்த கதை.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன். பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும், கேசட்டில் பழுது இருந்தால் எழுதச் சொல்லி. இங்கிலீஷில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டு வரியை அடித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். 'மூன்றாவது கேசட்டில் வேலைக்காரியின் வலது கை வெந்திருக்கிறது. டாக்டரே பார்த்திருக்கிறார். பத்தாவது கேசட்டில் அதே கையால் கயிற்றை இறுக்குகிறாள். அது முடியாது. இப்படிக்கு, குருவம்மா, தீப்பெட்டி ஆபீஸ், கோவில்பட்டி.' நூலகத்துப் பெண் சீட்டை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, தலைகீழாகவும் ஒரு தரம் பார்த்தாள். பழுதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எந்தக் கேசட் என்றாள். கேசட்டில் இல்லை, கதையில் என்றேன். அவளுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மரியாதை தெரிந்தவள். சீட்டைக் கிழிக்காமல் மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்து, பெட்டியைக் கொண்டுபோய் அலமாரியில் சேர்த்தாள்.

அடுத்த மாதம் போனபோது அந்தப் பெட்டி அங்கே இல்லை. யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். இந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில், சாப்பாட்டு மேசையிலோ கார் இருக்கையிலோ, எங்கள் எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் படித்துச் சொல்ல ஆளில்லாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.